நாலு விரல் கூர்மை

போன தடவை அனுப்பிய படம்
ஒரே வார்த்தையோடு திரும்பி வந்தது:
"தெளிவில்லை."
அது செல்போனில் எடுத்தது.
இந்தத் தடவை வேதையன் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்,
காலில் சேறு காய்ந்து வெளுத்திருக்க.
"அளவுக்கல்லு நம்பர் தெரியணும். என் மூஞ்சி தெரியணும்.
சாஞ்ச நாலு மாவும் தெரியணும்.
எல்லாம் ஒரே படத்துல."

பையில் இரண்டு லென்ஸ்.

ஐம்பது, நகராது; ஒரே சொல்தான் அதற்கு.
தஞ்சாவூர்க் கடைக்காரர் விற்கும்போது சொன்னார்:
"இதுக்கு ஜூம் உங்க காலுதாம்மா.
கிட்ட வேணுமா, முன்னால போங்க.
அகலம் வேணுமா, பின்னால வாங்க."
அவர் கடைக்கு டைல்ஸ் தரை.

இங்கே வரப்பு ஒன்றரை அடி.
பின்னால் வைத்த முதல் எட்டு நண்டு வளையில்.
இரண்டாவது வழுக்கியது.
மூன்றாவது எட்டுக்கு வாய்க்கால்,
அதையும் தாண்டினால் முள்ளியாறு.
கண்ணாடிக்குள் இன்னும்
வேதையனும் ஒரு மாவும்தான்.

ஜூமை மாட்டினேன்.
கல்யாண வீடுகளில் வளர்ந்தது அது,
பந்தியின் முதல் இலையையும் கடைசி இலையையும்
இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிடும்.
வளையத்தைத் திருப்பியதும்
நாலு மாவும் வந்தது, கேட்காமலே
தென்னை இரண்டும் வந்தன,
தூரத்து மூலையில் ஒரு கொக்கும் வந்தது.

வெளிச்சம்தான் வரவில்லை.
மணி நாலே முக்கால், தூறல்.
அறுக்கிற வாரத்தில் பெய்யும் தை மழைக்கு
ரேஷன் சீனி மாதிரி அளந்துதான் பகல்.
எட்டில் வைத்தால் ஓரங்கள் தெளியும்,
ஷட்டர் மெதுவாகும், என் மூச்சும் படத்தில் விழும்.
மூன்றரைக்குத் திறந்தால்
மூலைகள் ஊறவைத்த அவல்.
திறந்தேன். எடுத்தேன்.
கல்லில் இருப்பது மூன்றா எட்டா என்று
எனக்கே தெரியவில்லை.

மறுபடி ஐம்பது.
ஒன்று புள்ளி எட்டில் வெளிச்சம் தாராளம்,
ஆனால் கிட்டே போனால்
கூர்மைக்கு அகலம் நாலு விரல்.
கல்லுக்குக் கொடுத்தால் முகத்துக்கு இல்லை,
முகத்துக்குக் கொடுத்தால் கல் புகை.

இதைச் சொன்னேன்.
அவர் லென்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
சேற்றில் முட்டி போட்டு
கல்லோடு கன்னத்தை வைத்துக்கொண்டார்.
"இப்ப?"

இப்போது அந்த நாலு விரலுக்குள்
214/3.
மூன்றுதான், எட்டில்லை.
இமையில் மாட்டிய ஒரு துளி.
மூன்று நாள் தாடியில் வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை.
கல்மேல் சாய்ந்த கதிரில்
நெல்லைக் கிழித்து வந்த முளை,
ஊசியளவு, பச்சை.
அவருக்குப் பின்னால் நாலு மாவும்
கரைந்த சாணிப்பால்.

ராத்திரி கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன்,
எனக்குக் கொஞ்சம் கர்வம்.
காத்தாயி அக்கா பார்த்தார்.
"இந்த மூஞ்சிய தெனம் பாக்குறேன்.
இன்னொண்ணு எடுத்தியே, அதக் காட்டு."

ஊறிய மூலையில் விரலை வைத்தார்.
"இது?"
"கொக்குக்கா."
"கொக்கா? அவரு வெள்ளச் சட்டைய
சேலைக்கு மேல போட்டுக்கிட்டு நாந்தான் நிக்கிறேன்.
மிச்சக் கதிர நிமித்திக் கட்டிக்கிட்டிருந்தேன்.
குனிவப் பாரு, என்னுதுதான்."

பெரிதாக்கினேன். எவ்வளவு பெரிதாக்கியும்
வெள்ளையாய் ஒரு வளைவு.
மூக்கில்லை, கண்ணில்லை.
ஐம்பதில் அவர் அதுகூட இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு படம்தான் ஏறும்.
கல்லும் கன்னமும் ஏறின.
வேதையன் வண்டியைக் கிளப்பப் போனதும்
மற்றதை எட்டுக்குப் பத்தில் போடச் சொன்னார் அக்கா.
காசு வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை,
முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினார்.

"தெளிவா இருக்காதுக்கா,"
என்றேன், தொழில் வழக்கத்தில்.

"எப்டி இருக்கும்?
மழ பேயுதுல்ல."